ஒரே பேரிடர், பல வாசகர்கள்: பேரிடர்ச் செய்திகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

பெரிய நிலநடுக்கமோ புயலோ நிகழ்ந்த நாளில் நான்கைந்து ஊடகங்களை அடுத்தடுத்துத் திறந்து படிப்பவருக்கு, அவை வெவ்வேறு நிகழ்வுகளைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். ஒன்றில் நிலநடுக்கத்தின் அளவு 7.5 என்றிருக்கும், இன்னொன்றில் 7.6 என்றிருக்கும். ஒரு நாளிதழ் இறந்தோர் எண்ணிக்கையைத் தலைப்பில் நிறுத்தியிருக்கும். உள்ளூர் வானொலியோ எந்தப் பாலம் மூடப்பட்டது, குடிநீர் எங்கே வழங்கப்படுகிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். வணிக இதழ் ஒன்று தொழிற்சாலைகளின் கணக்கைப் பேசும். இவற்றில் ஒன்றுதான் உண்மை, மற்றவை பொய் அல்லது அலட்சியம் என்று புதியவர்கள் முடிவுகட்டிவிடுவதுண்டு. பெரும்பாலான வேளைகளில் அவை எல்லாமே உண்மைதான். எழுதியவர் மனத்தில் இருந்த வாசகர்தான் வேறு. ஆகவே “இந்தச் செய்தி சரியா?” என்று கேட்பதற்கு முன்பு “இது யாருக்குச் சொல்லப்படுகிறது?” என்று கேட்கப் பழக வேண்டும். இதழியல் மாணவர்கள், செய்தியறையில் புதிதாகச் சேர்ந்த துணை ஆசிரியர்கள், பிற நாட்டுச் செய்திகளைத் தமிழில் தருபவர்கள், பாதிக்கப்பட்ட ஊரில் உறவினர் இருக்க, தொலைவிலிருந்து தகவல் தேடுபவர்கள் ஆகியோருக்கு அந்தப் பழக்கத்தைப் படிப்படியாகக் கற்றுத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதல் படி: வினைச்சொற்களைப் பாருங்கள்

ஒரு செய்தியின் முதல் இரண்டு பத்திகளில் உள்ள வினைச்சொற்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். “வெளியேறுங்கள்”, “காய்ச்சிக் குடியுங்கள்”, “மேடான இடத்துக்குச் செல்லுங்கள்” என்று முன்னிலையில் ஏவினால், அந்த ஊடகம் ஆபத்துக்குள் இருப்பவரிடம் பேசுகிறது. “உயிரிழந்தனர்”, “மீட்கப்பட்டனர்”, “இரங்கல் தெரிவித்தார்” என்று படர்க்கையில் சொன்னால், வெளியே நின்று பார்ப்பவரிடம் பேசுகிறது. “பாதிக்கக்கூடும்”, “விலை உயரலாம்” என்று வருங்காலத்தில் பேசினால், அதன் வாசகர் முதலீட்டாளராகவோ வணிகராகவோ இருப்பார். மிக எளிய சோதனைதான் என்றாலும், செய்தியின் நோக்கத்தை இதைவிட விரைவாகக் காட்டிக்கொடுக்கும் வேறு வழியை நான் கண்டதில்லை.

ஆபத்துக்குள் இருப்பவரிடம் பேசுவது எப்படியிருக்கும் என்பதற்கு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே நல்ல எடுத்துக்காட்டு. 2011 மார்ச் 11 அன்று பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது அதன் அறிவிப்பாளர்கள், பதற்றம் பரவக்கூடாது என்ற பழைய வழக்கப்படி, நிதானமான குரலில் எச்சரித்தனர். அந்த நிதானமே சிலரைத் தயங்க வைத்திருக்கலாம் என்ற தன்னாய்வுக்குப் பின் நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலம் அதிர்ந்தபோது, அறிவிப்பாளர் உரத்த குரலில் கட்டளையிடும் தொனியில் “இப்போதே ஓடுங்கள்” என்ற பொருள்படப் பேசினார்; 2011-ஐ நினைவுகூரும்படி வேண்டினார். திரையில் தோன்றிய எச்சரிக்கையும் கடினமான சித்திர எழுத்துகளைத் தவிர்த்து, சிறுவரும் ஜப்பானிய மொழியை அரைகுறையாக அறிந்த வெளிநாட்டவரும் படிக்கக்கூடிய எளிய எழுத்துகளில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அந்தக் காணொளியைப் பார்த்த சிலருக்கு அது மிகையாகத் தெரிந்திருக்கலாம். கடற்கரையில் நின்றவருக்காகவே அந்தக் குரல் எழுப்பப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அதில் மிகை எதுவும் இல்லை.

அதே 2011 பேரிடரில் அச்சகம் செயலிழந்துபோன இஷினோமாகி நகரின் சிறிய மாலை நாளிதழ், பெரிய தாள்களில் மைப்பேனாவால் கையால் எழுதி, ஆறு நாட்கள் தங்குமிடங்களின் சுவர்களில் ஒட்டியது. உலகம் முழுவதும் அலையின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அந்தச் சுவரொட்டிகளுக்கு முன் நின்றவர்களுக்குத் தங்கள் நகரின் நிலை தெரியாது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பேரிடரின் நடுவில் இருப்பவரே அதைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவராக இருப்பார் என்பதை, தொலைவிலிருந்து படிக்கும் ஒவ்வொருவரும் மறக்காமல் இருக்க வேண்டும்.

செய்தி முகமைகள் தனி வகை. ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், ஏஎஃப்பி போன்றவற்றின் நேரடி வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பிற ஊடகங்களே. எனவே அவற்றின் செய்தி ஒற்றை வரியில் தொடங்கி, மணிக்கு மணி நீண்டுகொண்டே போகும். முக்கியமானது மேலே, விளக்கம் கீழே என்று, எந்த ஆசிரியரும் கீழிருந்து வெட்டினாலும் பொருள் கெடாதபடி அடுக்கப்பட்டிருக்கும். இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு: பத்து இணையதளங்களில் ஒரே எண்ணிக்கையைப் பார்த்தால் அதைப் பத்து ஆதாரங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டுரையின் தொடக்கத்திலோ முடிவிலோ முகமையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தும் ஒரே முகமையிலிருந்து வந்திருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஆதாரம்தான்.

வணிக ஊடகங்களை இதயமற்றவை என்று ஒதுக்கிவிடாமல் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2011-இல் தாய்லாந்தில் பல மாதங்கள் நீடித்த வெள்ளத்தில் 800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகின் வணிகப் பக்கங்களில் அது பெரும்பாலும் கணினி வன்தட்டுத் தட்டுப்பாடாகவும் கார் உற்பத்தி நிறுத்தமாகவும் இடம்பெற்றது. அது முழுமையான சித்திரம் அல்லதான். ஆனால் தொழிற்பேட்டைகள் எவ்வளவு ஆழத்துக்கு மூழ்கின, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர்கள் எத்தனை மாதம் வேலையிழப்பார்கள் என்பதை ஊகிக்கத் தேவையான விவரங்கள் பல வேளைகளில் அந்தப் பக்கங்களில்தான் கிடைத்தன.

இரண்டாம் படி: தொலைவைக் கணக்கிடுங்கள்

இங்கே தொலைவு என்று நான் சொல்வது கிலோமீட்டரை அல்ல. அந்த ஊடகத்தின் வாசகருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே உறவு, சுற்றுலா, மொழி, வணிகம் ஆகியவற்றில் ஏதேனும் ஓர் இழை இருக்கிறதா என்பதே தொலைவை நிர்ணயிக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் முதல் நாட்களில் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிய காட்சிகளில் தாய்லாந்தின் விடுதிக் கடற்கரைகள் மிகுந்த இடம்பெற்றன. அங்கே சுற்றுலாப் பயணிகளின் கைகளில் ஒளிப்படக் கருவிகள் இருந்தன. ஆச்சேயிலோ தகவல் தொடர்பு அறுந்துபோயிருந்தது, உள்நாட்டுப் போரின் காரணமாக வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு அதற்கு முன்பே அங்கே கட்டுப்பாடு இருந்தது. சுவீடன் ஊடகங்கள் தாய்லாந்தையே மையமாகக் கொண்டன. 543 சுவீடன் குடிமக்கள் இறந்திருந்த நிலையில், அந்த நாட்டு வாசகர் தம் அண்டை வீட்டாரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

இதிலிருந்து புதியவர் கற்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. வரைபடத்தை எடுத்து, செய்தி வராத இடங்களைக் குறியுங்கள். நிலநடுக்க மையத்துக்கோ புயலின் பாதைக்கோ மிக அருகில் இருந்தும் எந்த ஊடகத்திலும் பெயர் அடிபடாத ஊர், பாதிப்பு இல்லாத ஊர் என்று பொருளாகாது. பேசுவதற்கு வழியில்லாத ஊராகவும் இருக்கலாம். 2023 செப்டம்பர் 10 இரவிலும் மறுநாள் அதிகாலையிலும் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகள் உடைந்து நகரின் பெரும்பகுதியை அடித்துச் சென்றன. இரண்டு நாட்களுக்கு முன் நிகழ்ந்த மொராக்கோ நிலநடுக்கமே அப்போது உலகச் செய்திகளில் முன்னே நின்றது. டெர்னாவின் முழுக் கொடுமை வெளியே தெரிய நேரமாயிற்று. முதல் நாளின் அமைதியை நலமாக எடுத்துக்கொள்வதைப் போன்ற ஆபத்தான வாசிப்பு வேறில்லை.

மூன்றாம் படி: எண்களை அவற்றின் அலகோடு எழுதிக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நோட்டோ நிலநடுக்கத்தை ஜப்பான் வானிலை முகமை 7.6 என்றும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 7.5 என்றும் குறித்தன. கணக்கிடும் முறை வேறு என்பதால் வந்த வேறுபாடு அது. எந்த ஊடகம் எந்த அமைப்பை மேற்கோள் காட்டுகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய ஊடகங்கள் தங்கள் மக்களுக்கு முதலில் சொல்வது நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலை அன்று. ஒவ்வோர் ஊரிலும் அதிர்வு எவ்வளவு உணரப்பட்டது என்பதைத்தான். அந்த அளவுகோலின் உச்சம் 7. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தம் ஊர் எவ்வளவு குலுங்கியது என்பதுதான் தேவை. வேறு நாட்டில் இருப்பவருக்கு மொத்த ஆற்றல் போதும். இரண்டையும் குழப்பி “ஜப்பானில் 7 அளவு நிலநடுக்கம்” என்று மொழிபெயர்த்துவிட்டால் தவறான செய்தி பிறந்துவிடும். தமிழ்ச் செய்திகளில் இன்றும் “ரிக்டர் அளவுகோலில் பதிவானது” என்றே எழுதுகிறோம். பெரிய நிலநடுக்கங்களுக்கு அந்தப் பழைய அளவுகோல் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படுவதில்லை. “நிலநடுக்கத்தின் அளவு 7.5” என்று எழுதினாலே போதும்.

புயலின் காற்று வேகமும் இப்படித்தான். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலின் உச்ச வேகம் ஜப்பானியக் கணிப்பில் மணிக்கு 230 கிலோமீட்டர். அமெரிக்கக் கூட்டு எச்சரிக்கை மையத்தின் கணிப்பில் 315 கிலோமீட்டர். முந்தையது 10 நிமிடச் சராசரி, பிந்தையது ஒரு நிமிடச் சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியைக் கொள்கிறது. கணிப்பு முறையிலும் வேறுபாடு இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட முடியாது. எனவே வேகத்தை எழுதும்போது அது யாருடைய கணிப்பு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பெயரும்கூட மாறும்: பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அந்தப் புயலின் பெயர் யோலாண்டா. அந்த நாட்டு வானிலைத் துறை தன் எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தனிப்பெயர் வைக்கிறது. ஹையான் என்று மட்டும் தேடுபவருக்கு உள்ளூர்ச் செய்திகளில் பாதி கிடைக்காமல் போய்விடும்.

நாளையும் நேரத்தையும் சரிபாருங்கள். 2023-இல் துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கம் உள்ளூர் நேரப்படி பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்கு நிகழ்ந்தது. அப்போது நியூயார்க்கில் பிப்ரவரி 5 இரவு. தேதி ஒன்று முன்பின்னாக இருப்பதற்காக ஒரு செய்தியைத் தவறென்று தள்ளிவிட வேண்டாம்.

இறந்தோர் எண்ணிக்கையை எழுதும்போது மூன்றைக் கூடவே குறியுங்கள்: யார் எண்ணினார்கள், எந்த நேரத்தில், எந்த எல்லைக்குள். துருக்கியின் கணக்கும் சிரியாவின் கணக்கும் தனித்தனியானவை. சிரியாவுக்குள்ளேயே அரசுப் பகுதியும் எதிர்த்தரப்பின் பகுதியும் தனித்தனியாக எண்ணின. சில ஊடகங்கள் மூன்றையும் கூட்டின; சில, தம் வாசகருக்கு நெருங்கிய நாட்டை மட்டும் சொல்லின. 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இறந்தோரின் எண்ணிக்கை, ஒரு லட்சத்துக்கும் குறைவு என்பதிலிருந்து அந்நாட்டு அரசு சொன்ன 3 லட்சத்து 16 ஆயிரம் வரை நீள்கிறது. இத்தகைய இடத்தில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து உறுதியாக எழுதுவதைவிட, மதிப்பீடுகள் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்வதே வாசகருக்குச் செய்யும் நேர்மை.

நான்காம் படி: சொற்களையும் படக்குறிப்புகளையும் ஒப்பிடுங்கள்

ஹையான் புயலுக்கு முன் எச்சரிக்கை வராமல் இல்லை. கடல்நீர் பொங்கி உட்புகும் என்று அதிகாரிகளும் ஊடகங்களும் “ஸ்டார்ம் சர்ஜ்” (storm surge) என்ற வானிலையாளரின் ஆங்கிலக் கலைச்சொல்லில் சொல்லிக்கொண்டேதான் இருந்தனர். டக்ளோபான் நகர மக்கள் பலருக்கு அந்தச் சொல் புரியவில்லை. சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று உயிர்தப்பியவர்கள் பின்னர் கூறினர். அறிவியல்படி அது சுனாமி ஆகாது. ஆனால் உயிர் காக்கும் எச்சரிக்கையில் சொல்லின் துல்லியமும் கேட்பவரின் புரிதலும் முரண்படும்போது, “ஆள் உயரத்துக்கு மேல் கடல் ஊருக்குள் வரும்” என்று விரித்துச் சொல்லிவிடுவதே சரியான வழி என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஜப்பான் வானிலை முகமையும் இதே பாடத்தைக் கற்றது. 2011-இல் அதன் முதல் எச்சரிக்கை சில கடற்கரைகளுக்கு 3 மீட்டர், 6 மீட்டர் என்றது. வந்த அலை அதைவிட மிக உயரம். அதன் பின், மிகப் பெரிய நிலநடுக்கங்களுக்கான முதல் அறிவிப்பில் எண்ணை விட்டுவிட்டுப் “பிரம்மாண்டமான அலை” என்ற பொருள் தரும் சொல்லையே அது கையாள்கிறது.

தமிழிலும் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு. “புயல் கரையைக் கடந்தது” என்பது வானிலைத் துறையின் தொழில்வழக்கு. கேட்பவர் காதில் அது “ஆபத்து கடந்துவிட்டது” என்றே விழும். உண்மையில் புயலின் மையம் நிலத்துக்குள் வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். மையப்பகுதி மேலே இருக்கும்போது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும், மழையும் தொடரும். ஊருக்குள் இருப்பவருக்காக எழுதும்போது இந்த விளக்கத்தை அதே வாக்கியத்தில் சேர்த்துவிட வேண்டும். தலைப்பில் இடம் மிச்சமாகிறது என்பதற்காக நாம் கையாளும் “பலி” என்ற சொல்லையும் மறுபரிசீலனை செய்யலாம்; இறந்தவரின் குடும்பமும் அதைப் படிக்கும்.

படக்குறிப்புக்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கிய கத்ரீனா சூறாவளி. மார்பளவு வெள்ளத்தில் உணவுப் பொருளோடு செல்லும் கறுப்பின இளைஞரின் படத்துக்கு ஒரு முகமை, கடையைச் “சூறையாடிய பின்” என்று குறிப்பு எழுதியது. அதே போன்ற காட்சியில் உள்ள வெள்ளையர் இருவரின் படத்துக்கு வேறொரு முகமை, ரொட்டியையும் குளிர்பானத்தையும் “கண்டெடுத்த பின்” என்று எழுதியது. இருவேறு நிறுவனங்கள், இருவேறு ஒளிப்படக்காரர்கள். ஒவ்வொருவரும் தாம் நேரில் கண்டதையே எழுதியதாக விளக்கினர். அந்த விளக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு படங்களையும் அருகருகே பார்த்த வாசகர் அடைந்த காயம் அதனால் இல்லாமலாகிவிடாது. அதே நாட்களில் விளையாட்டரங்கில் தஞ்சமடைந்தோரிடையே கொலைகளும் வன்முறையும் மலிந்துவிட்டன என்ற வதந்திகள் நாடெங்கும் செய்தியாயின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமில்லை என்று சில வாரங்களில் ஆராய்ந்து எழுதியது அந்த நகரின் சொந்த நாளிதழான டைம்ஸ்-பிக்கயூன். உள்ளூர் வாசகருக்கு எழுதுபவர் நாளையும் அதே தெருவில் நடக்க வேண்டும். அவருடைய கவனம் வேறு வகையானது.

ஐந்தாம் படி: ஒரு தாளில் கட்டங்கள் போடுங்கள்

இதுவரை சொன்னதைச் செய்து பார்க்க, ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு நான்கு ஊடகங்களைத் தேர்ந்தெடுங்கள்: பாதிக்கப்பட்ட ஊரின் ஊடகம், அந்நாட்டின் தேசிய ஊடகம், ஒரு செய்தி முகமை, தொலைநாட்டு ஊடகம். ஒவ்வொன்றிலும் தலைப்பு, முதல் பத்தி, எண்களும் அவற்றின் மூலமும், யாருடைய குரல் மேற்கோளில் வருகிறது, படத்தில் இருப்பவர் யார், வாசகரிடம் என்ன கேட்கப்படுகிறது ஆகியவற்றைக் கட்டங்களில் நிரப்புங்கள். முதல் மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. மேற்கோள் கட்டம்தான் மிகுதியாகப் பேசும்: பாதிக்கப்பட்டவர் பேசுகிறாரா, அமைச்சர் பேசுகிறாரா, அங்கிருந்து திரும்பிய வெளிநாட்டுப் பயணி பேசுகிறாரா என்பதைப் பார்த்தாலே வாசகர் யார் என்பது தெரிந்துவிடும். மொழி தெரியாத ஊடகத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம். எண்களையும் இடப்பெயர்களையும் மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

செய்தியின் அளவையும் குறித்து வையுங்கள். 5,000-க்கும் மேற்பட்ட இயற்கைப் பேரிடர்களை ஆராய்ந்து ஐசன்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்னும் பொருளியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஒலிம்பிக் போட்டி போன்ற பெருஞ்செய்திகள் நடக்கும் நாட்களில் நிகழும் பேரிடர்களுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம் குறைகிறது என்றும், அதனால் அந்நாட்டு அரசின் நிவாரண உதவி கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது என்றும் காட்டியது. எரிமலை, நிலநடுக்கம் போன்றவற்றோடு ஒப்பிட்டால், வறட்சியும் உணவுப் பஞ்சமும் பன்மடங்கு உயிர்களைக் கொண்டுபோனாலும் அதே கவனத்தைப் பெறுவதில்லை என்பதையும் அது கண்டது. காட்சியாகக் காட்ட முடியாத சாவு செய்தியாவதில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி டெக்சாஸைத் தாக்கிய அதே நாட்களில் இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளின் வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஆங்கிலச் செய்தி உலகில் எது பெரிதாக இடம்பெற்றது என்பதை அந்த வாரத்தின் முதற்பக்கங்களைத் திறந்தாலே காணலாம்.

ஆபத்துக்குள் நீங்களே இருந்தால்

அப்போது ஒப்பீட்டை நிறுத்திவிடுங்கள். அதிகாரப்பூர்வ எச்சரிக்கை, உள்ளூர் வானொலி ஆகிய இரண்டும் போதும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் வீழ்ந்த பிறகும் மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி பேசும். மொழி ஒரு தடையாக இருந்தால், உங்கள் மொழியில் ஒலிபரப்பும் சமூக வானொலி இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்: 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் அந்நகரில் வாழ்ந்த வியட்நாமியருக்கும் கொரியருக்கும் தன்னார்வலர்கள் தொடங்கிய ஒலிபரப்புகளே பின்னர் ஒன்றிணைந்து பன்மொழி வானொலி நிலையமாயின. யாரோ அனுப்பிய பழைய காணொளியை முன்னனுப்ப வேண்டாம். வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்துவதாகக் காட்டும் போலிப்படம் 2011 முதல் எத்தனையோ புயல்களில் புதியதுபோல உலவிவிட்டது.

கடைசிப் படி: ஓராண்டு கழித்துத் திரும்பி வாருங்கள்

தொலைநாட்டுச் செய்தியாளர்கள் இரண்டு மூன்று வாரங்களில் கிளம்பிவிடுவார்கள். உங்கள் தாளில் இன்னொரு கட்டத்தை வெறுமையாக விட்டு, நாட்காட்டியில் ஆறாம் மாதத்தையும் பன்னிரண்டாம் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பர் 20-இல் மரியா சூறாவளி அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. அதன் பின் பல மாதங்களுக்கு அரசின் கணக்கில் இறந்தவர்கள் 64 பேர் மட்டுமே. மின்சாரமும் மருத்துவமும் இல்லாமல் மெல்ல இறந்தவர்கள் அதில் இல்லை. தீவின் புலனாய்வுச் செய்தியாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தனர். விடுபட்ட இறப்புகளின் விவரத்துக்காக நீதிமன்றத்துக்கும் சென்றனர். 2018 ஆகஸ்டில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளிவந்த பிறகு, அரசு தன் எண்ணை 2,975 என்று திருத்தியது. முதல் வாரத்தில் 16 என்றும், பின்னர் 64 என்றும் அச்சிட்ட எத்தனை ஊடகங்கள் அந்தத் திருத்தத்தை அதே அளவு எழுத்தில் வெளியிட்டன என்பதை, அந்த வெறுமையான கட்டத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.